மேட்டில் மட்டும் மிஸ் அடித்த கார்

தொழில்நுட்பக் கல்லூரித் தம்பிமார் இந்த வருட மலரில் ஓய்வு பெற்றோருக்கென்று சில பக்கங்களை ஒதுக்கி, நான்கு பேரிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். மற்ற மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள். எனக்கு முப்பத்துமூன்று. ஒன்பது வருடம் வாகனங்களுக்கு அடியில் புகுந்து புகுந்து வந்ததில் இடுப்பில் இரண்டு தட்டுகள் விலகிவிட்டன. இனி ஒரு பற்றரியைக்கூடத் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இப்போது தெஹியோவிட்டவில் ஓர் உதிரிப்பாகக் கடையில், கவுண்டருக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே நானும் ஓய்வு பெற்றவன்தான்.

"அண்ணே, இப்ப ஸ்கேனரச் சொருகினா அதுவே கோளாறச் சொல்லிருது. நீங்க அந்தக் காலத்துல எப்புடித்தான் கண்டுபுடிச்சீங்க?" என்று கட்டுரை கேட்க வந்தவன் கேட்டான். அந்தக் காலம் என்று அவன் சொன்னது ஏழெட்டு வருடத்துக்கு முந்தியது. சிரித்துக்கொண்டே எழுதித் தருகிறேன் என்றேன். உட்கார்ந்தபோது, கண்டுபிடித்த கதை ஒன்றும் எழுத வரவில்லை. கண்டுபிடிக்காமல் விட்ட ஒரு கார்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். சாதாரண தரம் முடித்து, கல்லூரியில் மோட்டார் வாகனப் பிரிவில் சேர்ந்து, பரீட்சையில் முதலாவதாக வந்தேன். எந்த எஞ்சினின் தீப்பொறி இணைப்பையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அந்தக் கையோடு, மெயின் ரோட்டோரம் ரஞ்சித் பாஸின் கராஜில் வேலைக்குப் போனேன்.

ரஞ்சித் பாஸ் பொலன்னறுவைப் பக்கத்து ஆள். முப்பது வயதுக்குப் பிறகு, கல்யாணம் முடித்து இந்தப் பக்கம் வந்தவர். தமிழ் விளங்கும், பேசுவது சிங்களம். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு வாகனம் வந்தால் முதலில் அதற்கென்று ஒரு குறிப்பு அட்டையை எடுப்பார். உரிமையாளர் சொல்வதை அவருடைய வார்த்தையிலேயே எழுதுவார். "இருமுது" என்றால் இருமுகிறது என்றுதான் எழுதுவார். பிறகு மூன்று கேள்விகள். எந்த இடத்தில்? சூடான பிறகா, முதலா? அப்போது உங்கள் கால் எவ்வளவு அமுங்கியிருந்தது?

அதோடு விடமாட்டார். உரிமையாளரையே ஓட்டச் சொல்லி, கோளாறு வருகிற அதே இடத்துக்குப் போவார். திரும்பும்போது வலது கால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலால் மிதித்துத் தானே ஓட்டிவருவார். கராஜில் நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் பொனட்டைத் திறந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நிற்பார். அந்த ஒரு நிமிடத்தில் நான் ஸ்பேனரோடு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருப்பேன். இவ்வளவு நேரத்தில் இரண்டு பிளக்கைக் கழற்றியிருக்கலாமே என்றுதான் எனக்கு ஓடும்.

இரண்டாவது வருடத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற ஒரு லொறி வந்தது. பெட்ரோல் எஞ்சின். மழை நாளில் மட்டும் மிஸ் அடிக்கும். மூன்று கராஜ் பார்த்துக் கைவிட்டது. தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கிற மூடியில் மயிரிழை வெடிப்பு ஒன்றை, ரோட்டுக்கே போகாமல், பத்தே நிமிடத்தில் காட்டினேன். அன்று முதல் பாஸ் என்னை "பத்து நிமிஷம்" என்று கூப்பிடத் தொடங்கினார். "பத்து நிமிஷம், தேநீர் குடிச்சியா?" என்பார். கிண்டல்தான். நான் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

செல்வராஜ் மாமாவின் கார் வந்தபோது பாஸ் ஊரில் இல்லை. அவருடைய அம்மா இறந்து மூன்றாம் மாதம் கொடுக்கிற தானத்துக்காக ஒரு கிழமை பொலன்னறுவைக்குப் போயிருந்தார். கராஜ் என் பொறுப்பில் இருந்தது.

செல்வராஜ் மாமா எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷனில் முப்பத்தைந்து வருடம் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். சொந்தமில்லை, ஆனால் லயத்தில் எல்லோருக்கும் மாமா. பென்ஷன் பணத்தில் என்னைவிட வயது மூத்த ஒரு ஜப்பான் காரை வாங்கியிருந்தார். வாங்கியது புஷ்பம் அத்தைக்காக. அத்தைக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. கிழமைக்கு இரண்டு தடவை டவுன் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மேல் டிவிஷனுக்கு பஸ் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து மூன்று மைல், கல் ரோடு, பாதிக்கு மேல் செங்குத்து.

அன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில்தான் வந்தார்கள். அத்தை பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நம்ம மேட்டுல ஏர்றப்ப மட்டும் இழுக்க மாட்டேங்குது தம்பி," என்றார் மாமா. "பட்டு பட்டுன்னு உள்ளுக்குள்ளேயே வெடிக்குது. ரோடு சமமா இருந்தா ஒண்ணுமில்ல, குதிரையாட்டம் போகுது. போன தடவ பாலத்துக்கு மேல நின்னே போச்சு. அத்தை எறங்கி நடந்தா."

"நா நடக்கணும்னுதானே இவரு காரே வாங்குனாரு," என்றார் அத்தை உள்ளிருந்து. "தள்ளச் சொல்லாம விட்டாரே, அதுவே பெரிசு."

"பேசாம இருடி, தம்பி யோசிக்குது."

"யோசிக்கட்டும். நல்லா யோசிச்சு ஒரு மாட்டுவண்டிய வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க."

மூவரும் சிரித்தோம். நாளைக் காலையில் விட்டுவிட்டுப் போங்கள், பார்த்து வைக்கிறேன் என்றேன்.

மறுநாள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிளக் நான்கையும் கழற்றினேன். நுனி சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்திருந்தது. காற்று மிஞ்சி, பெட்ரோல் குறைந்து எரிகிறது என்று அர்த்தம். கராஜ் பேச்சில் லீன். லீன் கலவை தீப்பற்றத் தயங்கும். சுமை கூடும்போது ஓரிரு சிலிண்டர் எரியாமலே விடும். அதுதான் மிஸ். ஆகவே ஒன்று பெட்ரோல் போதவில்லை, இல்லாவிட்டால் எங்கேயோ கள்ளக் காற்று உள்ளே போகிறது. பெட்ரோல் அழுத்தத்தை மானியில் பார்த்தேன், சரி. வடிகட்டியை மாற்றினேன். தெளிப்பான்களைக் கழுவினேன். எஞ்சினை நின்ற இடத்தில் ஓடவிட்டு, சின்னச் சின்னக் காற்றுக் குழாய்களின் மேல் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். எங்கேயாவது ஒழுக்கிருந்தால் எஞ்சின் சத்தம் மாறும். மாறவில்லை. அவிசாவளைப் பக்கம் சமமான ரோட்டில் இரண்டு மைல் ஓட்டினேன். குதிரைதான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே மூன்று வாகனங்கள் காத்து நின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறிக் கிடந்த எஞ்சினிலேயே சிலிண்டர் அழுத்தத்தை அளந்தேன். மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றைவிடக் குறைவு. ஆகா, வால்வ் எரிந்துவிட்டது என்றேன் எனக்குள். லீனாக ஓடினால் வால்வ் எரியும், வால்வ் எரிந்தால் மேட்டில் இழுக்காது. எல்லாம் அழகாகப் பொருந்தியது. புத்தகத்தில்கூட அப்படியொரு படம் இருக்கிறது.

சாயந்தரம் மாமா வந்தார்.

"வேற கராஜ்ல எங்கேயாவது காட்டுனீங்களா மாமா?"

"இல்ல தம்பி. ஒன்ன விட்டா யாருட்ட காட்டப் போறேன்?"

உண்மையைத்தான் சொன்னார். நான் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை.

"எஞ்சின் முடிஞ்சுது மாமா. வால்வ் போயிருச்சு. ஹெட் கழட்டி வேல செய்யணும். இந்தக் காருக்கு இப்ப சாமான் வர்றதில்ல. ஓடுற மட்டும் ஓடும், ஒருநாள் நடு ரோட்டுல அத்தையோட நின்னுரும். ஓடிக்கிட்டு இருக்கும்போதே குடுத்துருங்க."

அவர் காரின் மேல் கையை வைத்தார்.

"ஒருக்கா நம்ம மேட்டுல ஏத்திப் பாத்துட்டுச் சொல்லலாமே தம்பி? நா ஓட்டுறேன், நீ பக்கத்துல சும்மா ஒக்காந்து வா."

"தேவையில்லைங்க மாமா. அங்க வந்தாலும் இதேதான் சொல்லுவேன்."

அட்டையில் காரணம் என்ற இடத்தில், வால்வ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதோடு நிற்கவில்லை. உதவி செய்கிற ஆர்வத்தில் நானே ஆள் தேடினேன். யட்டியாந்தோட்டையில் ஒரு முதலாளி பழைய கார் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு மேடு ஏறுகிற தேவை இல்லை, கடைக்கும் வீட்டுக்கும் ஓடினால் போதும். குறையைச் சொல்லித்தான் கொடுத்தோம். நான்காம் நாள் கார் கைமாறியது. பாஸ் திரும்பி வந்து அட்டையைப் படித்துவிட்டு, "அந்த ஆளைக் கூப்பிடு, நான் ஒருதரம் அந்த மேட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்," என்றார். விற்றாயிற்று என்றேன். "சரி," என்று அட்டையை எடுத்த இடத்தில் வைத்தார்.

அத்தை திரீவீலரில் போக ஆரம்பித்தார். அந்தக் கல் ரோட்டில் திரீவீலர் எப்படிக் குலுங்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சுத்தம் செய்துகொண்டு திரும்பும் உடம்புக்கு அது தாங்கவில்லை. மழை நாளில் திரீவீலர் மேலே வராது. இரண்டு தடவை என்பது ஒரு தடவையானது, சில கிழமை அதுவும் இல்லை. நான்காவது மாதம் அத்தை இறந்துபோனார். கார் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. அது டொக்டர்களுக்கும் தெரியாது. காடு வரை போய் வந்தேன். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வந்தியா தம்பி," என்று மட்டும் சொன்னார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அதற்கு ஒன்றரை மாதம் கழித்து அந்தக் கார் திரும்பவும் கராஜுக்கு வந்தது. முதலாளி ஒரு கல்யாணத்துக்கு மலைப் பக்கம் போய், வழியில் மூன்று இடத்தில் நின்றிருக்கிறார். பாஸ் அட்டை எழுதினார். பழைய அட்டையையும் எடுத்துப் படித்தார். எந்த மேடு என்று அதில் இருந்ததால், முதலாளியை ஓட்டச் சொல்லி நேரே மேல் டிவிஷன் ரோட்டுக்கே போனார். முக்கால் மணித்தியாலம் கழித்து, செருப்பில்லாத காலோடு ஓட்டிவந்து நிறுத்தி, பொனட்டைத் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, இங்கே வா. என்ன மணக்குது?"

குனிந்து மோந்தேன். சூடான எண்ணெய், சூடான இரும்பு. "ஒன்றும் இல்லையே பாஸ்."

"நல்லாப் பார். ரப்பர் புகைவீட்டுக்குள்ளே நிற்கிற மாதிரி இருக்கு."

திரும்ப மோந்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பிறந்த லயம், ரப்பர் சீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற புகைவீட்டுக்கு நேர் கீழே. அம்மாவின் தலைமுடி, என் பள்ளிக்கூடச் சட்டை, எங்கள் சோறு, எல்லாவற்றிலும் அந்த மணம் இருந்தது. எங்களுக்கு அது மணமே இல்லை, காற்று. பாஸுக்கு அப்படியல்ல. இந்தப் பக்கம் வந்த புதிதில் அந்த மணத்தால் மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை என்று ஒருமுறை சொல்லியிருந்தார்.

அவர் கையை உள்ளே விட்டார். காற்றை அளக்கிற பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு தடித்த ரப்பர் குழாய் இருக்கும். அதன் அடிப்பக்கத்தைத் தடவி எடுத்த விரல்களில் கறுப்பாக ஏதோ நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தது.

கழற்றிப் பார்த்தோம். அடி மடிப்பில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதை யாரோ ஒட்டியிருந்தார்கள். துணியை ரப்பர் பாலில் நனைத்து ஒரு சுற்று, மெல்லிய ரப்பர் சீட்டை அறுத்து ஒரு சுற்று, திரும்பத் துணி, திரும்பச் சீட்டு. ஓரங்களைச் சரிவாகச் சீவி, தூக்காமல் படியவைத்து, மேலே கறுப்புப் பூச்சு. குளிர்ந்திருக்கும்போது கம்பனியில் வார்த்த குழாயைப் போலவே இருக்கும். எனக்கு அந்தச் சீவலைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அது பால் வெட்டுகிறவர் கை.

தோட்டத்தில் செருப்பு அறுந்தாலும், வாளி ஓட்டையானாலும், குடை கிழிந்தாலும் எங்கள் ஆட்கள் பாலால்தான் ஒட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் அது நிற்கும். எஞ்சினுக்கு மேல் நிற்காது. பதப்படுத்தாத ரப்பர் சூட்டில் இளகும், எண்ணெய் ஆவி பட்டால் ஊதிக் களியாகும். சமமான ரோட்டில் எஞ்சின் ஆடாமல் இருப்பதால் வெடிப்பு மூடியே கிடக்கும். மேட்டில் மிதிக்கும்போது எஞ்சின் தன் இருக்கையில் பின்னால் சாயும், மடிப்பு விரியும், இளகிய ஒட்டு வாயைத் திறக்கும். பெட்டி அளக்காத காற்று உள்ளே போகும். அளக்காத காற்றுக்குப் பெட்ரோல் கிடைக்காது. அவ்வளவுதான். நின்ற இடத்தில் நான் எவ்வளவு ஸ்பிரே அடித்தாலும் அது தெரிந்திருக்காது. மாமாவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து அந்த மேட்டுக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

வேறொரு காரின் குழாயை வெட்டிப் பொருத்த இருபது நிமிடம் ஆனது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே பாஸ் அழுத்தத்தை அளந்தார். நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல. வால்வ் நன்றாகவே இருந்தது; ஆறிய எஞ்சினில் நான் அளந்த கணக்குத்தான் பொய்.

முதலாளி போன பிறகு பாஸ் பழைய அட்டையை என் முன்னால் வைத்தார்.

"நீ அந்த மேட்டுக்குப் போனியா?"

"இல்லை பாஸ்."

"அவர் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டார்."

அவர் துணியில் விரல் விரலாகத் துடைத்தார். பால் ஒட்டினால் லேசில் போகாது. "அவருக்குத் தெரிய வேண்டும்," என்றார். "நீ சொல்கிறாயா, நான் சொல்லவா?"

நானே சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே ஏறினேன். ஒட்டைக் குழாயோடு வெட்டி எடுத்து, கடதாசியில் சுற்றிக் காற்சட்டைப் பையில் வைத்திருந்தேன். காட்டிச் சொன்னால் மறைக்க முடியாது என்று எனக்கே நான் போட்ட கட்டு. மாமா வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"காரு நம்ம ரோட்டுல போச்சாமே தம்பி? பொடியனுக சொன்னானுக. இப்ப இழுக்குதா?"

"இழுக்குதுங்க மாமா."

"எனக்குத் தெரியும். நல்ல காரு அது." கத்தியைக் கீழே வைத்தார். "நா அதப் பாத்த மாதிரி யாரு பாப்பா? அத்தைக்கு ரோட்டுல நிக்கப் பயம். அதுக்காகவே ஒவ்வொண்ணா தடவித் தடவிப் பாப்பேன். ஒரு தடவ அந்த மடிப்புக் கொழாயில வெடிச்சிருந்துச்சு. ஒங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நானே பால் விட்டு ஒட்டிட்டேன். நாலு சுத்து. அவதான் அவ சீலையக் கிழிச்சு கிழிச்சுக் குடுத்தா. ஒட்டி முடிச்சு, ரெண்டு பேரும் வெயில்ல வச்சுக் காவ காத்தோம். கம்பனிக்காரன்கூட அப்படிச் செஞ்சிருக்க மாட்டான். அதுக்கப்புறம் அந்த எடத்துல ஒரு தொல்ல இல்ல."

என் கை பைக்குள் இருந்தது.

"சரி, என்ன கோளாறாம்? வால்வ் செஞ்சானுகளா?"

"வால்வ் நல்லாத்தான் இருந்துச்சு மாமா. நா பாத்தது பிழை."

"அப்புறம்?"

"ஒரு வயரு. காத்து அளக்குற பெட்டிக்குப் போற வயரு லூசா இருந்துச்சு. மேட்டுல ஆடுறப்ப விட்டுவிட்டுப் போயிருக்கு. நா அதப் பாக்கல. அஞ்சு நிமிஷ வேல."

அடுத்த லயத்தில் யாரோ ரேடியோவைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சு நிமிஷம்," என்றார்.

"ஆமாங்க மாமா."

"மேட்டுல ஏத்திப் பாப்பமான்னு கேட்டேனே தம்பி. ஒன்னுட்டக் கேட்டேனே."

"கேட்டீங்க."

"அப்ப அவள நீதான்..." எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் இறங்கினேன். பாலத்தில் நின்று, பையிலிருந்ததை எடுத்துத் தண்ணீரில் போட்டேன்.

மறுநாள் பாஸ், "சொன்னாயா?" என்றார். என் பிழை என்று சொன்னேன் என்றேன். "ரப்பரை?" என்றார். அதைச் சொல்லவில்லை என்றேன். அவர் அடுத்த வாகனத்தின் அட்டையை எடுத்துத் தந்து, "இதைக் கூட்டிக்கொண்டு போ, எங்கே கோளாறு வருதோ அங்கே," என்றார்.

மாமா அதை யாரிடமும் மறைக்கவில்லை. மேல் டிவிஷனிலிருந்து எங்கள் கராஜுக்கு வாகனம் வருவது நின்றது. படித்த திமிர் என்று என் அம்மாவிடமே சொன்னார்கள். அம்மா என்னிடம் கேட்டபோது, ஆமாம் அம்மா, திமிர்தான் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

போன வருடம் மாமாவும் போய்விட்டார். அவர் இருக்கும்வரை இதை எழுதியிருக்க மாட்டேன். இதைப் படித்து நோக, இப்போது அந்த வீட்டில் யாரும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் இருந்த ஐந்து வருடத்தில் ஒரே ஒருமுறைதான் அவருக்கு நேரே போய் நின்றேன். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவர் பெரிய சட்டியை வைத்துக்கொண்டு பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் இன்னாருக்குப் பின்னால் இன்னார் என்று பார்க்காமல் குனிந்து குனிந்து கொடுத்துக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். கையைப் பார்த்தார், நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார், கரண்டியை எனக்குப் பின்னால் நின்றவருக்கு நீட்டினார். நான் கையை மடக்கிக்கொண்டு நகர்ந்தேன்.